வாசிப்புக் குறிப்பேட்டின் வலப்பக்கம்

அமெரிக்காவில் மே மாத இறுதியிலோ ஜூன் மாதத்திலோ பள்ளிகள் மூடப்பட்டால், ஆகஸ்டு மாதத்திலோ செப்டம்பர் தொடக்கத்திலோதான் மீண்டும் திறக்கப்படும். ஏறத்தாழ பத்து வாரங்கள் கோடை விடுமுறை. அங்குள்ள உயர்நிலைப்பள்ளி ஆங்கில ஆசிரியர்கள் பலர், விடுமுறை தொடங்குமுன்பே மாணவர் கையில் ஒரு நூற்பட்டியலைக் கொடுத்துவிடுவார்கள். ஹார்ப்பர் லீ, ஜான் ஸ்டைன்பெக், எர்னஸ்ட் ஹெமிங்வே போன்றோரின் நாவல்கள் அப்பட்டியல்களில் பல்லாண்டுகளாக இடம்பெற்று வருகின்றன. பட்டியலோடு இன்னொரு வேலையும் சேர்ந்து வரும். வாசிக்கும்போதே ஒரு குறிப்பேடு எழுதி வரவேண்டும். பள்ளி திறந்த முதல் வாரத்தில் அதை ஆசிரியரிடம் காட்டவேண்டும்.

நம் நாட்டு மாணவர்களுக்கும் இது முற்றிலும் புதிதன்று. தொடக்கப்பள்ளியிலிருந்தே நீலாம் வாசிப்புத் திட்டத்தின்கீழ் நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், சுருக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்து பழகியிருக்கிறோம். அந்தப் பதிவுக்கு அதற்குரிய பயன் உண்டு. ஓராண்டில் எத்தனை நூல்களை வாசித்தோம், எந்த மொழியில் வாசித்தோம் என்பதை அது காட்டும். ஆனால், அந்த நூல்களை வாசித்தவர் யார் என்பதை அது காட்டாது. ஒரே நூலுக்கு நாற்பது மாணவர்கள் எழுதும் சுருக்கம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், இருக்கவும் வேண்டும். கதை ஒன்றுதானே! இந்தப் பாடத்தில் நாம் பேசப்போகும் குறிப்பேடு வேறு வகையைச் சேர்ந்தது. நாற்பது பேர் எழுதினால் நாற்பதும் வெவ்வேறாக இருக்கவேண்டிய குறிப்பேடு அது.

அதன் அமைப்பு மிக எளிது. ஒரு பயிற்சிப் புத்தகத்தின் தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில், வாசிக்கும்போது உங்களை நிறுத்திய இடத்தைக் குறியுங்கள். அது ஒரு நிகழ்ச்சியாகவோ, ஒரு பேச்சாகவோ, ஒரு சொல்லாகவோ இருக்கலாம். பக்க எண்ணையும் எழுதுங்கள். வலப்பக்கத்தில், அந்த இடத்தைப் பற்றி உங்கள் மனத்தில் எழுந்ததை எழுதுங்கள். மேலே தேதி போடுங்கள். அவ்வளவுதான். அமெரிக்கப் பேராசிரியை ஆன் பெர்தாஃப் தம் மாணவர்களை இவ்வாறு இருபக்கக் குறிப்பேடு எழுதச் செய்து, இம்முறையைப் பரவலாக்கினார். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தோடு உரையாட வேண்டும் என்பது அவர் எண்ணம். அவருக்கும் முன்பே, 1938ஆம் ஆண்டில், லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இலக்கியக் கல்வி பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு படைப்பின் பொருள் அச்சிட்ட தாளில் மட்டும் இல்லை, வாசகர் தம் வாழ்க்கையோடு வந்து அதைச் சந்திக்கும்போதே அது உருவாகிறது என்பது அவர் கருத்து. குறிப்பேட்டின் வலப்பக்கம் அந்தச் சந்திப்பு நடக்கும் இடம்.

இடப்பக்கத்தை நிரப்புவது யாருக்கும் எளிது. வலப்பக்கத்தில்தான் பேனா நின்றுவிடும். ‘இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது’, ‘ஆசிரியர் அழகாக வருணித்துள்ளார்’, ‘இதிலிருந்து விடாமுயற்சி தேவை என்று அறிந்தேன்’ என்ற மூன்று தொடர்கள் எல்லாக் குறிப்பேடுகளிலும் சுற்றிச் சுற்றி வரும். இவற்றை எழுத நூலைத் திறக்கவே வேண்டியதில்லை. அட்டையைப் பார்த்தாலே போதும்.

அப்படியானால் வலப்பக்கத்தில் எதை எழுதுவது? ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். ஹெமிங்வேயின் ‘தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ’ என்ற குறுநாவலை எடுத்துக்கொள்வோம். 1952ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘லைஃப்’ என்ற அமெரிக்க இதழின் ஒரே வெளியீட்டில் முழுவதுமாக வந்த கதை இது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசைப் பெற்றது. 1954இல் ஹெமிங்வேக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழில் ‘கடலும் கிழவனும்’ என்ற பெயரில் இதற்கு மொழிபெயர்ப்பு உண்டு. நூறு பக்கங்களைச் சற்றுத் தாண்டும் நூல் என்பதால், ஆங்கிலத்தில் ஒரு நாவலையாவது முழுதாக வாசித்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு விடுமுறையில் ஏற்றது.

கதை கியூபா நாட்டுக் கடற்கரையில் நடக்கிறது. சாந்தியாகோ என்ற வயது முதிர்ந்த மீனவருக்கு 84 நாள்களாக ஒரு மீனும் கிடைக்கவில்லை. அவரிடம் தொழில் பழகிய மனோலின் என்ற சிறுவனை, முதல் 40 நாள்களுக்குப் பிறகு அவனுடைய பெற்றோர் வேறு படகுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனாலும் அவன் கிழவரைக் கைவிடவில்லை. மாலைதோறும் அவருக்கு உணவும் துணையுமாக இருக்கிறான். 85ஆம் நாள் கிழவர் தனியாகக் கடலுக்குள் வெகுதூரம் போகிறார்.

படிவம் நான்கு மாணவி ஒருத்தி ஆண்டிறுதி விடுமுறையில் இந்நூலை வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய குறிப்பேடு இப்படித் தொடங்கலாம்:

டிசம்பர் 2
இடப்பக்கம்: கிழவர் தம் குடிசையில் மீன் போட்ட சோறு ஒரு பானை இருப்பதாகச் சொல்கிறார். வீச்சுவலையை எடுத்துக்கொள்ளலாமா என்று பையன் கேட்கிறான். சோறும் இல்லை. வலையும் இல்லை; அதை விற்றாகிவிட்டது. இருவருக்கும் இது தெரியும். தினமும் இப்படியே பேசிக்கொள்கிறார்கள்.
வலப்பக்கம்: எனக்குப் புரியவில்லை. பொய் என்று இருவருக்கும் தெரிந்த பிறகு ஏன் சொல்லவேண்டும்? பையன் ‘வலையைத்தான் விற்றுவிட்டோமே தாத்தா’ என்று நேராகச் சொல்லியிருக்கலாம். கதையை நீட்டுவதற்காக எழுதியதுபோல் இருக்கிறது.

இது நல்ல குறிப்பு. ‘எனக்குப் புரியவில்லை’ என்று அவள் எழுதியதும், நோபல் பரிசு பெற்றவரோடு சண்டைக்கு நின்றதும் அதன் சிறப்பு. புகழ்பெற்ற நூல் என்றவுடன் நம்மில் பலருக்குக் கை கட்டி நிற்கும் பழக்கம் இருக்கிறது. புரியாததைப் புரிந்ததுபோல் எழுதிவிட்டால், பிறகு புரிந்துகொள்ள வழியே இல்லை. கேள்வி அந்த இடத்திலேயே மூடிப்போகிறது.

நான்கு நாள் கழித்து அவள் எழுதுகிறாள்:

டிசம்பர் 6
இடப்பக்கம்: 2ஆம் தேதி எழுதிய அதே இடம்.
வலப்பக்கம்: நேற்று இரவு பாட்டி வீட்டுக்குப் போயிருந்தோம். முன்கூட்டியே சொல்லவில்லை. பாட்டி இருந்த சோற்றை எங்களுக்குப் போட்டுவிட்டு, ‘நான் அப்பவே சாப்பிட்டுட்டேன், நீங்க சாப்பிடுங்க’ என்றார். அடுப்படியில் அவர் தட்டு கழுவியதாகத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லாமல், ‘சரிம்மா, அப்ப டீயாவது குடிங்க’ என்று கலக்கிக் கொடுத்தார். பானைச் சோறு நினைவுக்கு வந்தது. பையன் கிழவரிடம் கேட்டது வலையை இல்லை போலும்.

இவள் முதல் குறிப்பை அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘கதையை நீட்டுவதற்காக’ என்று எழுதிய வரி 2ஆம் தேதியில் அப்படியே இருக்கிறது. அதை வெள்ளைத் திரவம் பூசி மறைத்திருந்தால், நான்கு நாளில் இந்த மாணவி எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள் என்பது அவளுக்கே தெரிந்திருக்காது. குறிப்பேட்டுக்குத் தேதி வேண்டும் என்று சொன்னதும் இதற்காகத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். இணையத்தில் இந்த நாவலுக்குச் சுருக்கங்கள் ஏராளம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால், கருப்பொருள், குறியீடுகள், பாத்திரப் படைப்பு எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் அடுக்கிக் கொடுக்கும். அவற்றில் பல சரியாகவே இருக்கும். ஆனால், அந்தச் செயலிக்கு இந்தப் பாட்டியைத் தெரியாது. அன்றிரவு டீ கலக்கிக் கொடுத்த அம்மாவையும் தெரியாது. சுருக்கம் படிப்பதே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தட்டுத் தடுமாறி ஆங்கிலம் வாசிக்கும் மாணவர்க்குக் கதையின் போக்கை முன்பே அறிவது சில வேளைகளில் கைகொடுக்கும். குறிப்பு எழுதிய பிறகு அதைப் படியுங்கள். முன்பே படித்துவிட்டால், உங்கள் வலப்பக்கத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

நம் மாணவிக்குத் திரும்புவோம். கிழவரின் தூண்டிலில் ஒரு பெரிய மார்லின் மீன் சிக்குகிறது. அது படகையே இழுத்துக்கொண்டு போகிறது. கயிறு அவர் கைகளை அறுக்கிறது, இடக்கை மரத்துப்போகிறது. பையன் பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று அவர் மீண்டும் மீண்டும் தமக்குத்தாமே சொல்லிக்கொள்கிறார். பிடித்த சூரை மீனைச் சமைக்க வழியில்லாததால் பச்சையாகவே தின்கிறார். அதற்கு உப்புகூட இல்லை.

டிசம்பர் 9
இடப்பக்கம்: கிழவர் அந்த மீனிடம் பேசுகிறார். அதன்மேல் அன்பும் மதிப்பும் இருப்பதாகச் சொல்கிறார். ஆனாலும் கொன்றே தீருவேன் என்கிறார்.
வலப்பக்கம்: இது நியாயமா? அன்பு இருந்தால் விட்டுவிட வேண்டியதுதானே. ஆனால், விட்டுவிட்டால் 85ஆம் நாளும் வெறுங்கை. எனக்கு இரண்டு பக்கமும் தோன்றுகிறது. முடிவு எப்படி இருக்கும் என்று இப்போதே எழுதி வைக்கிறேன்: மீனைக் கொன்று கரைக்குக் கொண்டுவருவார், நல்ல விலைக்கு விற்பார், பையனுடைய பெற்றோர் வெட்கப்பட்டு அவனை மறுபடி இவரிடமே அனுப்புவார்கள்.

முடிவை ஊகித்து எழுதும் இந்தப் பழக்கத்தை நான் மிகவும் பரிந்துரைப்பேன். ஊகம் சரியா தவறா என்பது பொருட்டன்று. நாம் எப்படிப்பட்ட முடிவுக்கு ஆசைப்படுகிறோம் என்பது அதில் வெளிப்பட்டுவிடும். நாம் வாசித்து வளர்ந்த சிறுவர் கதைகளில் உழைத்தவர் வெல்வார். ஏளனம் செய்தவர் தலைகுனிவார். அந்த அளவுகோலோடுதான் இந்த மாணவி கியூபாவுக்கும் போயிருக்கிறாள். ஹெமிங்வே அதற்கு இணங்கவில்லை. மூன்றாம் நாள் கிழவர் மீனைக் கொன்று படகின் பக்கவாட்டில் கட்டுகிறார். திரும்பும் வழியில் சுறாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மீனைத் தின்றுவிடுகின்றன. எறியீட்டி போகிறது, பிறகு கத்தி முறிகிறது. நள்ளிரவில் அவர் கரை சேரும்போது எலும்புக்கூடு மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

டிசம்பர் 11
இடப்பக்கம்: கரைக்கு வந்தது எலும்புக்கூடு மட்டும்.
வலப்பக்கம்: கோபமாக இருக்கிறது. இவ்வளவு நேரம் எதற்கு வாசித்தேன்? எல்லாம் வீண்.

வலப்பக்கத்தில் இரண்டே வரிகள். இதுவும் நல்ல குறிப்புதான். கோபம் வந்த நாளில் கோபத்தை எழுதியிருக்கிறாள். இந்த இடத்தில் ‘விடாமுயற்சியின் சிறப்பை அறிந்தேன்’ என்று எழுதியிருந்தால் ஆசிரியர் ஒரு சரி போட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார். மாணவிக்கும் நூலுக்கும் இடையே ஒன்றும் நடந்திருக்காது.

ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு கடைசிச் சில பக்கங்களை அவள் மறுபடி வாசிக்கிறாள். மறுநாள் காலை மீனவர்கள் எலும்புக்கூட்டை அளந்து பார்க்கிறார்கள், பதினெட்டு அடி. பையன் கிழவரின் கைகளைப் பார்த்து அழுகிறான். பிற்பகலில் உணவகத்துக்கு வந்த சுற்றுலாப் பயணி ஒருத்தி, தண்ணீரில் மிதக்கும் அந்த நீண்ட முதுகெலும்பைக் காட்டி அது என்ன என்று கேட்கிறாள். பணியாளர் நடந்ததை விளக்க முயல்கிறார். அவளோ அதைச் சுறாவின் எலும்பு என்று எண்ணிக்கொள்கிறாள்.

டிசம்பர் 12
இடப்பக்கம்: சுற்றுலாப் பயணி எலும்பைச் சுறா என்று நினைப்பது.
வலப்பக்கம்: நேற்று இதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். அந்தப் பெண்மணிக்கு மூன்று நாள் கடலில் நடந்தது எதுவும் தெரியாது. கடைசியில் மிஞ்சியதை மட்டும் பார்க்கிறாள். நேற்று ‘எல்லாம் வீண்’ என்று எழுதியபோது நானும் எலும்பை மட்டும்தான் பார்த்தேனா? ஆனாலும் கோபம் முழுதாகப் போகவில்லை. ஹெமிங்வே கொஞ்சம் மீனையாவது மிச்சம் வைத்திருக்கலாம்.

கடைசி வரி எனக்குப் பிடித்திருக்கிறது. புரிந்துகொண்ட பிறகும் உடன்படாமல் இருக்கும் உரிமை வாசகருக்கு உண்டு.

இனி மொழியைப் பற்றி. இருமொழிச் சூழலில் வளரும் நமக்கு இது தனிச் சிக்கல். அமெரிக்க மாணவர்களில் பெரும்பாலோர்க்கு வாசிக்கும் மொழியும் வீட்டில் பேசும் மொழியும் ஒன்றே. நம் மாணவர்கள் ஆங்கில வகுப்புக்காக ஆங்கில நாவலை வாசித்தால் குறிப்பையும் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆங்கில ஆசிரியரிடம் கொடுக்கும் படி ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்பது உண்மை. ஆனால், முதல் குறிப்பு எந்த மொழியில் முந்திக்கொண்டு வருகிறதோ அந்த மொழியில் எழுதப்படட்டும். மேலே கண்ட மாணவி பானைச் சோற்றுக் காட்சியைப் பற்றி முதலில் ஆங்கிலத்தில் எழுத முயன்றிருந்தால், கிழவர் கர்வமுள்ளவர் என்ற பொருளில் ஒரு மூன்று சொல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கக்கூடும். கையிருப்பில் உள்ள ஆங்கிலச் சொற்கள் அந்த அளவுக்குத்தான் இடம் கொடுக்கும். தமிழில் நினைத்தபோது பாட்டி வந்தார். பாட்டியோடு ‘மானம்’ என்ற சொல்லும் வரும். கர்வத்துக்கும் மானத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அவள் தேடத் தொடங்கும்போது அவளுடைய ஆங்கிலமும் வளர்கிறது. மூன்று சொல் வாக்கியம் ஒரு பத்தியாக விரிய வேண்டிய கட்டாயம் அப்போதுதான் பிறக்கிறது.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. தமிழில் எழுதிப் பழகினால் ஆங்கிலத்தில் சிந்திக்க வராது என்று சில பெற்றோர் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. தேர்வு மதிப்பெண் பிள்ளையின் எதிர்காலத்தோடு பிணைந்திருக்கிறது. ஆனால், சொல்ல ஒன்றும் இல்லாதவருக்கு எந்த மொழியும் உதவாது. முதலில் சொல்வதற்கு ஏதேனும் இருக்கட்டும். அதே காரணத்தால், தமிழ் நாவலை வாசிக்கும்போது மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு குறிப்பு முந்திக்கொண்டு வந்தால், அதையும் தடுக்கவேண்டாம்.

குறிப்பேட்டைப் பள்ளி வேலையாக மட்டும் நினைப்பவர்களுக்கு இரண்டு பெரியவர்களைச் சொல்லலாம். ஒருவர் சார்லஸ் டார்வின். அவர் 1838 முதல் 1860 வரை, வாசித்த நூல்களையும் வாசிக்க வேண்டிய நூல்களையும் குறிப்பேடுகளில் பதிந்து வந்தார். அதைவிட முக்கியமானது அவர் தம் தன்வரலாற்றில் சொல்லும் ஒரு பழக்கம். தம் முடிவுகளுக்கு எதிரான செய்தியோ எண்ணமோ எதிர்ப்பட்டால், அதை உடனே தவறாமல் எழுதி வைத்துக்கொள்வாராம். தமக்குச் சாதகமானவற்றைவிடப் பாதகமானவை விரைவில் மறந்துபோகின்றன என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார். ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859இல் வெளிவந்தபோது, பிறர் எழுப்பிய எதிர்ப்புகளில் பெரும்பாலானவற்றை அவர் முன்பே கவனித்து விடை தேட முயன்றிருந்ததற்கு இப்பழக்கமே காரணம் என்றும் சொல்கிறார். பிடிக்காததையும் புரியாததையும் அன்றன்றே எழுதச் சொல்வதற்கு இதைவிட வலிமையான சாட்சி வேண்டுமா?

மற்றவர் உ.வே.சாமிநாதையர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் படித்த நூல்களையெல்லாம் அவர் வரிசையாகச் சொன்னார். பட்டியல் நீளமானது. முதலியார் அதில் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அதன்பின் அந்தக் காப்பியத்தைப் படிக்கத் தொடங்கிய உ.வே.சா.வுக்கு, எவ்வளவோ படித்திருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. அது சமணக் காப்பியம். சமணரின் வழக்கங்களும் கோட்பாடுகளும் தெரியாமல் பொருள் பிடிபடாது. அவர் அக்கேள்விகளைத் தூக்கிக்கொண்டு, அவ்வூரில் வாழ்ந்த சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. தமக்கு எது விளங்கவில்லை என்பதை அவர் அவ்வளவு துல்லியமாக அறிந்திருந்ததால்தான் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் தெரிந்தது. ‘என் சரித்திரம்’ நூலில் இப்பகுதியை வாசித்துப் பாருங்கள். பள்ளி நூல்நிலையத்தில் இருக்கும்.

செய்முறை பற்றிச் சில சொற்கள். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்திக் குறிப்பெழுதினால் கதை கெட்டுவிடும். வாசிக்கும் இன்பமும் போய்விடும். ஓட்டமாக வாசியுங்கள். நிறுத்திய இடத்தில் ஒரு துண்டுத் தாளை மட்டும் செருகுங்கள். நூல்நிலைய நூலாக இருந்தால் அதில் பென்சில்கூடப் படவேண்டாம். அன்றைய வாசிப்பு முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதுங்கள். ஐந்து இடங்களில் தாள் செருகியிருந்தால், ஐந்தையும் எழுதவேண்டும் என்பதில்லை. இன்னும் மனத்தில் குடையும் ஒன்றோ இரண்டோ போதும். ஹெமிங்வேயின் நூலில் இயல் பிரிவே கிடையாது. எங்கே நிறுத்துவது என்பதை நீங்களே முடிவு செய்யவேண்டும். அதுவும் ஒரு வகை வாசிப்புதான்.

அருஞ்சொற்களைப் பற்றியும் பலர் கேட்பார்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றையும் அகராதியில் பார்த்து எழுதப் புகுந்தால் முதல் பத்துப் பக்கத்திலேயே சலித்துவிடும். கடல்தொழில் சொற்கள் இந்நூலில் நிறைய. படகுகளின் வகை, கொக்கிகளின் வகை, கயிற்றைச் சுருட்டும் விதம் என்று வரும். அவற்றில் பாதியை ஊகித்துக்கொண்டே போகலாம். எந்தச் சொல் தெரியாததால் ஒரு நிகழ்ச்சியே பிடிபடவில்லையோ, அந்தச் சொல்லை மட்டும் இடப்பக்கத்தில் எழுதுங்கள். கடற்கரையில் வாழும் உறவினர் இருந்தால், அகராதிக்குப் போகுமுன் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம். கெடாவிலோ பேராக்கிலோ மீன்பிடித் துறைக்கு அருகில் குடியிருப்பவருக்கு, அகராதி சொல்லாத விளக்கங்களும் தெரிந்திருக்கும்.

இன்னும் ஒன்று உண்டு. அதை மாணவர்களே நன்றாக அறிவார்கள். பள்ளி திறப்பதற்கு முதல் நாள் இரவு, ஒரே பேனாவால், ஒரே மூச்சில், பன்னிரண்டு வெவ்வேறு தேதிகளைப் போட்டு எழுதிய குறிப்பேட்டை எந்த ஆசிரியரும் கண்டுபிடித்துவிடுவார். கையெழுத்தைவிட வேறொன்று காட்டிக்கொடுக்கும். முதல் குறிப்பு எழுதும்போதே எழுதியவருக்கு முடிவு தெரிந்திருக்கும். 2ஆம் தேதிக் குறிப்பில் தவறான ஊகம் ஒன்றுகூட இருக்காது, கோபம் இருக்காது, மனம் மாறியதற்கான அடையாளம் எதுவும் இருக்காது. எல்லாம் சரியாக இருக்கும். அதுதான் சிக்கல்.

ஆசிரியர்கள் இக்குறிப்பேட்டை எப்படி மதிப்பிடுவது என்பது எளிதான கேள்வியன்று. பக்க எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுத்தால் பக்கங்கள் கூடும். பெரிய எழுத்திலும் கூடும். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால், மாணவர் பாதுகாப்பான சொற்களை மட்டுமே எழுதுவார். முந்தைய குறிப்பைத் திரும்பிப் பார்த்து எழுதிய குறிப்பு ஒன்றாவது இருக்கிறதா என்று மட்டும் தேடலாம் என்பது என் கருத்து. நம் மாணவியின் டிசம்பர் 6ஆம் தேதிக் குறிப்பும் 12ஆம் தேதிக் குறிப்பும் அப்படிப்பட்டவை. ஒரு சிலர் தம் வீட்டுச் செய்திகளை வலப்பக்கத்தில் எழுதுவார்கள். அதை வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லுமுன் எழுதியவரின் இசைவைக் கேட்பது முறை. காட்ட விரும்பாத பக்கத்தை மடித்து ஒட்டிக் கொடுக்கவும் இடம் தரவேண்டும்.

பள்ளி திறந்ததும், ஒரே நூலை வாசித்த இருவர் குறிப்பேடுகளை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர் எந்தெந்த இடத்தில் நின்றிருக்கிறார், நீங்கள் நின்ற இடத்தில் அவர் நிற்காமல் போயிருக்கிறாரா என்று பாருங்கள். நண்பரின் வலப்பக்கத்துக்குக் கீழே ஒரு வரி பதில் எழுதலாம். நம் மாணவி தன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதி, அதற்கு எதிரே வலப்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். மீனின் ஈட்டி போன்ற நீண்ட மூக்கு வேண்டுமா என்று கிழவர் பையனைக் கேட்கிறார். வேண்டும் என்கிறான் அவன். சந்தையில் விலைபோகாத அந்தப் பொருளை அவன் ஏன் கேட்டு வாங்கிக்கொள்கிறான்?